உயிர்வாழ் சான்றிதழும் காற்றுக்குமிழியும்

ஜனவரி மாதம் முழுவதும் நான் பனியைத்தான் குற்றம் சொன்னேன். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில் ஆற்றங்கரைக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த மாதத்தில் காலை ஒன்பது மணிவரை மகாவலியின் மேல் பனி கிடக்கும், பிறகு கலையும். என் கண்ணிலும் எழும்பியவுடன் ஒரு வெண்மை இருந்தது, பத்து மணிக்குப் பின் அதுவும் கலைந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். முப்பத்தாறு வருடம் அரச சேவையில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தவனுக்கு, கையில் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் விசாரணைக் கோவையை மூடிவிடத் தோன்றும்.

பெப்ரவரியில் ஒரு காலை என் மனைவி சரோஜா யன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். "எங்கங்க பனி? சுள்ளுன்னு வெயில் அடிக்குது. அங்க கொடியில காயுறது உங்க சறம்தானே, அது தெரியுதா?"

தெரியவில்லை. கொடியே தெரியவில்லை.

சரோஜா கண்டி நகரத்துக் கடைக்காரக் குடும்பத்துப் பெண், நான் யாழ்ப்பாணம். நாற்பத்தொரு வருடமாக ஒரே வீட்டில் இரண்டு தமிழ் பேசி வருகிறோம். அவளுடைய தமிழில் சுற்றி வளைப்பது கிடையாது. "இது பனி இல்ல, கண்ணு" என்றாள்.

இடது கண்ணை எட்டு வருடங்களுக்கு முன்பே குளோக்கோமா எடுத்துக்கொண்டது. அதில் வெளிச்சமும் கையசைவும் மட்டும் தெரியும். ஆகவே வாசிக்க, நடக்க, சோற்றில் கல் பார்க்க என்னிடம் இருப்பது வலது கண் ஒன்றுதான். அதுவும் போனால் பதில் ஆள் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் பயந்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கின் நடைமுறை எனக்கு மனப்பாடம். காலை ஆறரைக்கு இலக்கத் துண்டு கொடுப்பார்கள், உட்கார வாங்கில் இடம் கிடைக்காது. ஆனால் மதிய உணவுக்குப் பின் போகிறவர்களுக்கு நெரிசல் இல்லை. நான் புத்திசாலியாக ஒன்றரை மணிக்குப் போனேன். பார்வைப் பலகையில் கடைசிக்கு இரண்டாவது வரிவரை வாசித்தேன். வயதுக்கு நல்ல பார்வை என்று இளம் டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒன்றரை மணிக்குப் போனேன், மறுபடி அதே வரி. வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் கொப்பியைக் காட்டினேன். அரச முத்திரையோடு என் கண் நன்றாக இருந்தது. மறுநாள் காலை கொடி மறுபடி காணாமல் போயிருந்தது.

மூன்றாம் தடவை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விடிய ஐந்தரைக்கு எழுப்பி, முகம் கழுவ விடாமல், ஓட்டோவில் ஏற்றினாள். "எழும்புன கண்ணோடயே வாங்க. உங்க கண்ணு மத்தியானத்துல நல்ல புள்ளையா நடிக்குது."

ஏழு மணிக்குப் பலகையில் மேலே இருந்த பெரிய எழுத்தைத் தவிர எதையும் நான் காணவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து மேலதிகாரி வரும் நேரத்தில் மட்டும் மேசையைத் துப்புரவாக வைத்திருக்கும் எழுதுவினைஞர்களைப் பிடித்துக் கொடுத்தவன் நான். என் கண் அதே வேலையைச் செய்துகொண்டிருந்ததைப் பிடிக்க இன்னொருவர் வேண்டியிருந்தது.

அன்று கண் வைத்திய நிபுணர் நேரடியாகப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும் சிங்களப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார், சரோஜாவுக்காக இடையிடையே சிங்களத்தில் சொன்னார். ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி உள்ளே படம் எடுத்தார். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, நான் வாசிக்கும் தூரத்துக்குத் திருப்பினார். தேன்கூடு போல அறுகோணங்கள், நடுநடுவே கரிய ஓட்டைகள். பூச்சி தின்ற தேன்கூடு.

அவர் சொன்னதையும், பிறகு நான் உருப்பெருக்கியை வைத்துத் தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே நோயோடு வாங்கில் காத்திருந்த பலரிடம் யாரும் இதை உட்கார்ந்து சொன்னதாகத் தெரியவில்லை.

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல, விழிவெண்படலம் இருக்கிறது. தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. அதில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஊடாகப் பார்க்க முடியாது. இரத்தம் இல்லாததால் அதற்குச் சாப்பாடு உள்ளிருந்து வரவேண்டும். கண்ணின் உள்ளே இருக்கும் தெளிந்த திரவம் மெல்ல மெல்ல அதற்குள் கசிந்து ஊட்டம் கொடுக்கிறது. சிக்கல் இங்கேதான். படலத்தின் நடு அடுக்கு பாண் துண்டு போன்றது. தண்ணீர் கண்டால் உறிஞ்சி வீங்கும், வீங்கினால் தெளிவு போய்விடும். கசிவு நின்றால் பட்டினி, கசிவு தேங்கினால் குருடு.

இந்த இரண்டுக்கும் நடுவே கண்ணைக் காப்பாற்றுவது உட்புறத்தில் இருக்கும் ஒற்றை வரிசைச் செல்கள். ஒரு செல் தடிப்புத்தான். அவை நடு அடுக்கிலிருந்து சோடியம் அயன்களையும், அப்பச்சோடாவில் இருக்கிற இருகாபனேற்று அயன்களையும் பிடித்து மறுபடி உள்ளே தள்ளுகின்றன. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீர் பின்னால் போகும். ஆகவே கசிந்து வந்த நீர் வந்த வழியே திரும்புகிறது. பகலும் இரவும், பிறந்த நாளிலிருந்து இந்த இறைப்பு நடக்கிறது. வெளித்தோலும் கொஞ்சம் குளோரைட்டைக் கண்ணீருக்குள் அனுப்பி உதவுகிறது, ஆனால் பெரிய வேலை உள்வரிசையுடையது.

இந்தச் செல்கள் மறுபடி பிறப்பதில்லை. ஒன்று செத்தால் ஆள் சேர்ப்புக் கிடையாது. பக்கத்தில் இருப்பது தன் உடம்பை விரித்து அந்த இடத்தையும் மூடிக்கொள்ளும். எங்கள் திணைக்களத்தில் இதற்குப் பதில் கடமை என்று பெயர். ஓய்வு பெற்றவரின் கதிரையை நிரப்பாமல் பக்கத்து மேசைக்காரரிடம் சாவியைக் கொடுப்பது. ஒருவர் இரண்டு மேசை பார்க்கலாம், மூன்று பார்க்கலாம். நான்காவதில் கடிதங்கள் தேங்கும். என் கண்ணில் தேங்கியது தண்ணீர். ஃபுக்ஸ் என்ற இந்த நோயில் செல்கள் வழக்கத்தைவிட விரைவாகப் போகின்றன. ஆறு வருடத்துக்கு முன் செய்த கண்புரைச் சத்திரசிகிச்சையில் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம் என்றார். அது யாருடைய தவறும் இல்லை என்றும் சொன்னார்.

காலைப் பனிக்கும் விளக்கம் கிடைத்தது. கண் திறந்திருக்கும்போது மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிறது, மிஞ்சிய செல்களுக்கு அது ஒரு கை உதவி. உறங்கும்போது இமை மூடிவிடுகிறது, உதவி நின்றுவிடுகிறது. இரவில் தேங்கிய நீரைப் பத்து மணிவரை உழைத்துத்தான் என் கண் வெளியேற்றிக்கொண்டிருந்தது.

முதலில் உப்புத் துளிகள் தந்தார். கடல்நீரைவிடக் கரிப்பான துளி. வெளியே உப்பு கூடினால் உள்ளே தேங்கிய நீர் அதை நோக்கி வரும். அத்தோடு காலையில் தலைமுடி உலர்த்தியை ஒரு கை தூரத்தில் பிடித்து, சூட்டைக் குறைத்து, கண்ணுக்குக் குறுக்கே காற்றடிக்கச் சொன்னார். கொழும்புக்குக் கல்யாணம் முடித்துப்போன மகள் விட்டுப்போன ஒன்று அலுமாரியில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நான் சமையலறைக் கதிரையில் அமர, சரோஜா எதிரே நின்று என் கண்ணை உலர்த்தினாள். தேநீர் கொதிக்கும்வரை அடிப்பாள். "கோழி உரிச்சு வாட்டுற மாதிரி இருக்கு" என்பாள். அவள் கை ஒருநாளும் பக்கத்தில் வந்ததில்லை, ஆடியதும் இல்லை.

மூன்று மாதம் ஓடியது. கண் தெளியும் நேரம் பத்திலிருந்து பன்னிரண்டானது, பிறகு இரண்டானது. வீக்கம் வெளித்தோலைக் கொப்பளமாகத் தூக்கத் தொடங்கியது. இமையைத் திறந்தால் உமி விழுந்தது போலக் குத்தும். அந்த நாட்களில் யாருக்கும் சொல்லாமல் ஒரு பயிற்சி செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினொரு எட்டு, சாப்பாட்டு மேசைக்கு ஏழு, அங்கிருந்து வாசல்படிக்கு ஒன்பது. ஒருநாள் ஏழாவது எட்டில் சரோஜா மேல் மோதினேன். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. மறுநாள் மேசைக்குக் குறுக்கே கிடந்த கதிரைகள் எல்லாம் சுவரோடு ஒதுக்கப்பட்டிருந்தன. அதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

சத்திரசிகிச்சை என்று முடிவானது. முழுப் படலத்தையும் மாற்றத் தேவையில்லை, கெட்டுப்போன உள்வரிசையை மட்டும் உரித்தெடுத்து, இறந்த ஒருவர் தானம் செய்த கண்ணிலிருந்து அதே வரிசையை எடுத்து வைப்பார்கள். வெங்காயத்தின் உட்தோலைவிட மெல்லியது. அதைத் தைக்க முடியாது. சுருட்டி உள்ளே செலுத்தி, விரித்து, அதன் கீழே ஒரு காற்றுக்குமிழியை ஊதி மேலே தூக்கிப் பிடிக்கிறார்கள். குமிழி மிதப்பதால், நோயாளி மல்லாந்து கிடந்தால்தான் அது படலத்தை நோக்கித் தள்ளும். பசை ஒன்றும் இல்லை. வந்த செல்கள் வேலையைத் தொடங்கி நீரை இறைத்தால் அந்த உறிஞ்சலே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தொடங்காவிட்டால் கழன்று விழும்.

கண் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அதற்கு யாராவது இறக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லவில்லை. அழைப்பு வரும் என்று மட்டும் சொன்னார். ஐந்து வாரம் கைத்தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெட்கம் வந்தது. எங்கோ ஒரு வீட்டில் சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பது நல்ல பழக்கமல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்தார்கள். அனுமதிக்கப்பட்டவுடன், வரவிருக்கும் செல்களின் விபரத்தைத் தரமுடியுமா என்று டொக்டரிடம் கேட்டேன். இடமாற்றம் பெற்று வருகிறவரின் சுயவிபரக் கோவையைப் பார்க்காமல் நான் யாரையும் பொறுப்பேற்றதில்லை. அவர் முதன்முறையாகச் சிரித்தார். நல்ல செல்கள், அதற்கு மேல் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை என்றார்.

சத்திரசிகிச்சை ஒரு மணி நேரமும் இல்லை. விறைக்க ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது தாதி உத்தியோகத்தர் நிபந்தனையைச் சொன்னார். இரண்டு நாள் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். சாப்பிடவும் கழிப்பறைக்கும் மணிக்குப் பத்து நிமிடம் எழும்பலாம். நான் சரோஜாவின் கைக்கடிகாரத்தை வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டேன், நிமிடத்தை அவள் சொல்வாள்.

பக்கத்துக் கட்டிலில் மடவளை ஊர் ஹாஜியார் ஒருவர் இருந்தார், வெங்காய மொத்த வியாபாரி. கண்ணில் புண் வந்து, முழுப் படலமும் மாற்றியிருந்தார்கள். அவர் எழும்பி உலாவலாம். "எனக்கு பதினாறு தையல் போட்டீக்கு ஐயா. ஒங்களுக்கு வெறும் காத்து தானே" என்று முதல்நாளே சொன்னார். தைத்த சாமான் சந்தைக்குப் போகும், ஊதின சாமான் வீட்டோடு கிடக்க வேண்டும் என்று விளக்கமும் தந்தார். நான் பதிலுக்கு வார்டின் நடைமுறைகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். துண்டு எங்கே பதிவது, வீட்டுக்குப் போகும் நாளில் எந்த அட்டையை முதலில் கேட்பது எல்லாம். மூன்று வாரமாக அங்கே இருந்தவர் அவர். பொறுமையாகக் கேட்டார்.

கூரையைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை. அதையும் சரியாகப் பார்க்க முடியாது, குமிழியின் ஊடாக எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தது. உள்ளே அந்தச் செல்கள் வேலைக்கு வந்துவிட்டனவா, கையொப்பமிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டனவா என்று யோசித்தபடி கிடந்தேன். தும்மலுக்குப் பயந்தேன். இருமலுக்குப் பயந்தேன். சரோஜா கஞ்சியைக் கரண்டியால் வாயோரத்தில் ஊற்றினாள், காதுக்குள் போனதைத் துடைத்தாள்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

அரச ஓய்வூதியக்காரர் வருடத்துக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதாகக் கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் கையொப்பமிட்டு உறுதிப்படுத்த வேண்டும். உயிர்வாழ் சான்றிதழ் என்று பெயர். கண்ணோடு அலைந்ததில் அந்த வருடத்துச் சான்றிதழ் பின்தங்கி, ஒரு நினைவூட்டல் கடிதமும் வந்திருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் நினைவூட்டல். கொடுக்க இன்னும் மூன்று வாரம் தவணை இருந்தது. வீட்டுக்கு வந்து செய்யலாம் என்று சரோஜா சொன்னாள். நான் வைத்தியசாலைக்கு வரும் முன்பே கிராம உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்தேன். அவர் சின்னப் பெண், நல்ல மனம். வேறு வேலையாக நகரத்துக்கு வந்தவர் இரண்டாம் நாள் மதியம் பார்வையாளர் நேரத்தில் படிவத்தோடு வார்டுக்கே வந்துவிட்டார். சரோஜா தேநீர் வாங்கக் கன்ரீனுக்குப் போயிருந்தாள்.

எழும்பவேண்டாம் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். படுத்தபடி பெருவிரல் அடையாளம் வைத்தால் போதும், நோயாளிகளுக்கு அப்படி விதி இருக்கிறது என்றார். அந்த விதி எனக்குத் தெரியும். அவருக்கு முன்பே தெரியும். அதை விளக்கிச் சுற்றுநிருபம் வரைந்தவர்களில் நானும் ஒருவன்.

"அப்ப வைங்களேன் ஐயா, பெருவெரல வச்சா முடிஞ்சி" என்றார் ஹாஜியார்.

"முப்பத்தாறு வருசம் கையெழுத்துப் போட்டவன் ஹாஜியார். கைநாட்டு வைக்க மாட்டன்."

எழும்பி உட்கார்ந்தேன். பத்து நிமிடம் எனக்கு உரிமை இருந்தது. ஆனால் வாசிக்காமல் நான் எதிலும் கையொப்பமிட்டதில்லை, வாசிக்கவோ கண் இல்லை. ஆகவே அந்தப் பெண்ணைப் படிவம் முழுவதையும் கட்டம் கட்டமாக வாசிக்கச் சொன்னேன். ஓய்வூதிய இலக்கத்தில் ஒரு எண் விடுபட்டிருந்தது. வெட்டித் திருத்தலாம் என்றார். வெட்டித் திருத்திய படிவத்தைப் பல பேருக்குத் திருப்பி அனுப்பியவன் நான். புதிய படிவம் எழுதச் சொன்னேன். அவர் பையைத் தேடி இன்னொன்றை எடுத்து, எழுதி, மறுபடி வாசித்தார். பிறகு கட்டிலருகே இருந்த சிறு அலுமாரியின் மேல் அதை வைத்து, புள்ளிக்கோட்டைத் தேடினேன். தெரியவில்லை. குனிந்தேன். மூக்கு காகிதத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தேன். முகம் கீழே பார்க்க, குமிழி பின்னால் மிதந்து போவதைக் கண்டேன். பார்வையின் குறுக்கே ஒரு கருங்கோடு தள்ளாடி விலகியது. ஆனாலும் கோட்டைத் தேடி முடித்து, என் முழுக் கையொப்பத்தையும் இட்டேன்.

சரோஜா தேநீரோடு வந்து நின்றாள். "எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"பத்து நிமிசம்" என்றேன்.

முப்பத்தைந்து நிமிடம். எழும்பியபோதும் கையொப்பம் முடிந்தபோதும் ஹாஜியார் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து எனக்கு நேரம் சொல்லியிருந்தார். ஹாஜியார் தன் ஜெபமாலையை, தஸ்பீஹை, எடுத்து உருட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலை டொக்டர் கண்ணைப் பார்த்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார். ஸ்கானுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் கட்டிலருகே நின்றபடி, நிதானமாகச் சொன்னார். படலம் வீங்கித்தான் இருக்கிறது. புதிய வரிசையின் கீழ்ப்பகுதி கழன்று தொங்குகிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். குமிழி இடம் மாறியிருந்தால் செல்கள் நல்லவை, மறுபடி காற்று ஊதினால் ஒட்டிக்கொள்ளும். அப்படியில்லை என்றால் வந்த செல்களே வேலை செய்யவில்லை, இறைக்க வலுவில்லாத திசு. அதை எடுத்துவிட்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். நேற்று நீண்ட நேரம் உட்கார்ந்தீர்களா, குனிந்தீர்களா என்று கேட்டார்.

அறிவுறுத்தலின்படி நடந்துகொண்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முப்பத்தாறு வருடத்தில் அந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சரோஜா எனக்காகச் சாட்சி சொன்னாள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், பத்து நிமிடம்தான், நான் கேட்டேன், அதற்கு மேல் அவர் எழும்பவே இல்லை என்றாள். அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். ஹாஜியாரின் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது.

டொக்டர் அட்டையை எடுத்தார். அப்படியானால் திசுவில்தான் பிரச்சினையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

பேனா காகிதத்தில் உராயும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஓர் உத்தியோகத்தரை விசாரிக்காமல் அவர் கோவையில் பாதகமான குறிப்பு எழுதுவது போன்ற பாவம் வேறில்லை என்று நான் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன். பெயர் தெரியாத யாரோ இறந்து, அவர் வீட்டார் அழுதபடி கையொப்பமிட்டு, அந்தக் கண் என்னிடம் வந்திருக்கிறது. அது தன் வேலையைச் செய்திருக்கலாம். என் குனிவுக்காக அதைக் கழற்றிக் குப்பையில் போடப்போகிறார்கள். இதையெல்லாம் பெருந்தன்மையோடு யோசித்தேன் என்று எழுத ஆசைதான். அடுத்த திசு வர இன்னும் எத்தனை மாதமோ, அதற்குள் இந்தக் கண் என்னாகுமோ என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது.

"டொக்டர், எழுதவேண்டாம்" என்றேன். முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், அதில் பாதி நேரம் காகிதத்தின் மேல் குனிந்திருந்தேன், பொய் சொன்னேன் என்று சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில். பிறகு சரோஜாவைப் பார்த்துத் தமிழில்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. எழுதியதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டினார், பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி மேசையில் கிடந்தேன். புதிய குமிழி. ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, புருவத்துக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து நெரித்தது போல இருந்தது. இந்தமுறையும் ஒட்டாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். முதலில் படுங்கள் என்றார்.

அந்த இரண்டு நாளும் சரோஜா என்னோடு அதிகம் பேசவில்லை. கட்டிலின் தலைமாட்டில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பத்திரிகையை மரண அறிவித்தல் உட்பட முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். தமிழ் தெரியாத ஒரு கிழவரும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பக்கத்தில் நான் சற்றுக் கழுத்தை உயர்த்தினேன் போலிருக்கிறது. அவள் உள்ளங்கை என் நெற்றியில் வந்து அமர்ந்தது.

"நீங்க உசுரோட இருக்கீங்கன்னு நான் எழுதித் தாரேன். முத்திரையும் குத்தித் தாரேன். இப்ப படுங்க."

"நீர் என்ர பொய்க்குச் சாட்சி சொன்னீர்" என்றேன்.

"எனக்குத் தெரியாதே அது பொய்ன்னு. நாப்பத்தொரு வருசத்துல நேரம் விசயத்துல நீங்க பொய் சொன்னதில்ல." பிறகு பத்திரிகையை மடித்தாள். "அந்தக் கதிரையெல்லாம் நான் இன்னும் சுவரோரமாத்தான் வச்சிருக்கேன். எடுக்கணுமா வேணாமான்னு தெரியல."

கூரையைப் பார்த்துக் கிடந்தேன். ஹாஜியார் அன்று வீட்டுக்குப் போனார். போகும்போது என் கட்டிலருகே வந்து, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் பெருவிரலில் வைத்து அழுத்தினார். மை தொட்ட பஞ்சு. "பயிற்சி எடுங்க ஐயா. அடுத்த வருசம் ஒதவும்" என்றார். தாதி உத்தியோகத்தரிடமிருந்து அவர் அதை எப்படி வாங்கினார் என்பது எனக்குத் தெரியாத ஒரே நடைமுறை.

மூன்றாம் நாள் ஸ்கானில் புதிய வரிசை முழுவதும் ஒட்டியிருந்தது. டொக்டர் இதை மகிழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஒட்டியிருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்றார். வீக்கம் வடியும் நாள்தான் செல்கள் தங்கள் கடமையைப் பொறுப்பேற்ற நாள். அது வாரங்களாகலாம். துளிகளை நிறுத்தக்கூடாது, உடம்பு இந்த அந்நியரை ஒருநாள் நிராகரிக்கக்கூடும், கண் சிவந்தாலோ மங்கினாலோ சில மணி நேரத்துக்குள் வரவேண்டும், மதியம் ஒன்றரைக்கு அல்ல என்றார். கடைசி வார்த்தைகளைச் சரோஜாவைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் காலையில் பனி இருந்தது. ஒவ்வொரு நாளும் கண்ணைத் திறக்கும் முன் நெடுநேரம் மூடியபடி கிடப்பேன். திறக்காதவரை எதுவும் தீர்மானமாகவில்லை. பிறகு சரோஜா உலர்த்தியோடு வருவாள். இடையில் கிராம உத்தியோகத்தர் சான்றிதழின் பிரதியைக் கொண்டுவந்து தந்தார். அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. மதியவேளையில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். என் கையொப்பம் புள்ளிக்கோட்டில் இல்லை. ஒரு விரல் கீழே, அவருடைய முத்திரையின் மேலேறி, வலப்பக்கம் சரிந்து, கடைசி எழுத்து ஓரத்துக்கு வெளியே போயிருந்தது. என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அங்கே யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் காலை எழும்பி, கண்ணைத் திறந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அங்கே நாட்காட்டி தொங்கியது. அது தொங்குவது தெரிந்தது.

சரோஜா உலர்த்தியோடு வாசலில் நின்றாள். "என்னங்க?"

"திங்கட்கிழமை" என்றேன். "ராகுகாலம் ஏழரை தொடக்கம் ஒன்பது."

"எல்லாத் திங்களும் அதுதான் ராகுகாலம். மனப்பாடத்த சொல்லாதீங்க. அடியில என்ன இருக்கு, அத வாசிங்க."

நாட்காட்டியின் அடியில் அதை அச்சிட்டுத் தந்த பிலிமத்தலாவைக் கடையின் முகவரி சின்ன எழுத்தில் இருந்தது. கடையின் பெயரை வாசித்தேன். வீதியை வாசித்தேன். தொலைபேசி இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாக வாசித்தேன், நடுவில் ஓர் எண்ணில் தடுமாறி, மூன்று என்றேன்.

அவள் நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள். தன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். யன்னலருகே போய், என் பக்கம் முதுகைக் காட்டி நின்று, விரலை வைத்து எண்களைச் சரிபார்த்தாள். நான் கட்டிலில் மல்லாந்து கிடந்து காத்திருந்தேன். வெகுநேரம் எடுத்தாள்.

"எட்டு" என்றாள் திரும்பாமல். "மூணு இல்ல, எட்டு. மத்ததெல்லாம் சரி." பிறகு, "நாளைக்கும் பாப்போம்" என்றாள்.

மேசையிலிருந்த பென்சிலை எடுத்து அந்தத் தாளின் மூலையில் ஒரு சரி அடையாளம் போட்டாள். சாப்பாட்டு மேசையருகே போய், சுவரோடு கிடந்த கதிரைகளில் ஒன்றை மட்டும் பழைய இடத்துக்கு இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மற்றவற்றை அவள் தொடவில்லை.